ஸ்கானில் ஒன்றுமில்லை

உங்களில் ஒருத்தி போன கிழமை எனக்கு போன் பண்ணினாள். "அன்ரி, சனிக்கிழமை எனக்கு ஃபெர்ஸ்ட் கேம். சைட்லைன்ல நான் மட்டும்தான், டொக்டர் வரமாட்டாராம். ஐ ஆம் ஸோ நேர்வஸ். என்ன செய்யோணும் எண்டு டக்கெண்டு சொல்லுங்கோவன்."

ஐஸ் எடுத்தாயா, டேப் எடுத்தாயா, கத்தரிக்கோல் எடுத்தாயா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது, பிள்ளை அதையெல்லாம் கேட்கவில்லை. பயத்தை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது. நான் பயந்துபோயிருந்த ஒரு காலத்தின் கதை மட்டும் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தக் கதையைச் சொல்லவும் அதற்குரியவர் சம்மதம் தந்துவிட்டார். அடிபட்டவர்களைப் பார்க்கிற பிஸியோவாக மைதானத்து ஓரத்தில் நிற்கப்போகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் உதைபந்தாட்டத்துக்குள் வந்தது தற்செயலாக. இந்த ரொறன்ரோவுக்கு அகதியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிவீட்டில் இருந்துகொண்டு, முதியோர் இல்லத்தில் வேலை செய்தபடி திரும்பவும் படித்து லைசென்ஸ் எடுத்தேன். வோபர்னில் ஒரு கிளினிக்கில் முதுகுவலிக்காரரையும் கார் அக்சிடென்ற்காரரையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நகரத்தின் மேற்குப் பக்கத்தில் போர்த்துக்கீசர் நடத்துகிற ஒரு கழகத்துக்கு பிஸியோ தேவைப்பட்டது. ஒரு சீசனுக்கென்று போனேன். தலை நரைக்கும் வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

அங்கே கடைசியாக நான் பார்த்த பெரிய ஆட்டக்காரர் ஒருவர். நடுக்களத்தில் ஆடுகிறவர். போர்த்துக்கலின் வடக்கில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். அந்த நாட்டின் முதல் பிரிவில் பல வருடம் ஆடியவர். கழகத்தில் எல்லோரும் அவரை 'மெஷ்த்ரே' என்று கூப்பிடுவார்கள். வாத்தியார் என்று அர்த்தம். அவரை விட வேகமானவர்கள் எங்கள் அணியில் எத்தனையோ பேர். ஆனால் பந்து எங்கே போகவேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு ஒரு கணம் முன்னம் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய தொடையைப் பிடித்துவிடுகிற நேரங்களில் அவர் தன் கதை சொல்லுவார். சின்ன வயதில் ஒரு பெரிய கழகம் அவரை எடுத்தது. சீசன் முழுக்க மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கிலேயே இருந்தார். நாட்டு அணிக்கு ஒரு தரம் அழைத்தார்கள். தேசிய கீதம் பாடினார், சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார், களத்துக்குள் கால் வைக்கவில்லை. பிறகு நடுத்தரக் கழகங்கள், பிறகு வெளிநாடு, முழங்காலில் ஒரு சத்திரசிகிச்சை. கடைசியில், மனைவியின் அக்கா இங்கே இருக்கிறா என்ற காரணத்தோடு ரொறன்ரோ.

"டொத்தோரா," என்றார் ஒரு நாள். நான் டொக்டர் இல்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "ஒவ்வொரு கழகத்திலும் என்னுடைய கடைசி மட்ச் எது என்று எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. யாராவது போன் பண்ணுவார்கள், இனி வரத் தேவையில்லை என்பார்கள். அப்போதுதான், ஆ, போன ஞாயிறு ஆடியதா கடைசி என்று நினைப்பேன். இந்த முறை மட்டும் எனக்கு முன்னமே தெரியும்."

அந்த வருடத்தின் கோப்பை இறுதி ஆட்டத்தோடு நிறுத்துவதாக அவர் அறிவித்திருந்தார். ஆட்டம் முடிய மைதானத்தின் நடுவில் ஒரு சின்னப் பாராட்டு விழா. அவரோடு முன்னம் ஆடிய இரண்டு பேர் போர்த்துக்கலில் இருந்து விமானம் ஏறி வந்திருந்தார்கள். மனைவி வேலை செய்கிற பேக்கரியில் இருந்து ஒரு பெரிய கேக்கும் வந்து இறங்கியிருந்தது.

அன்று எங்கள் கழகத்து டொக்டர் வரவில்லை. அவர் சம்பளத்துக்கு வருகிறவர் அல்ல, முடிந்தபோது வருவார். அந்தக் காலையில் அவருடைய வீட்டில் யாருக்கோ சுகமில்லை. தலையில் அடிபட்டால் பிஸியோ சொல்வதுதான் கடைசிச் சொல் என்று லீக்கின் சட்டம் சொல்கிறது. ஒருவரும் அடிபடாத நாளில் அந்தச் சட்டம் வாசிக்க நல்லாயிருக்கும்.

முதல் பாதியின் நடுவில் அது நடந்தது. உயரமாக வந்த ஒரு பந்துக்கு மெஷ்த்ரேயும் எதிரணிக்காரர் ஒருவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. எதிரணிக்காரர் படுத்துவிட்டார். மெஷ்த்ரே ஒரு கையை நிலத்தில் ஊன்றி உடனே எழும்பிவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கோடு வரை ஓடினேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம், வேண்டாம் என்று கையைக் காட்டினார். நடுவர் மற்றவரைப் பார்த்தார், எழும்பி நின்றவரைப் பார்க்கவில்லை. நடுவர் கூப்பிடாமல் நான் உள்ளே போக முடியாது. ஆட்டம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பந்து தன்னிடம் வருவதற்கு முன்னம் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்ப்பார். இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம். அவர் ஆடிய காலமெல்லாம் அப்படித்தான். பயிற்சியில்கூட, தண்ணி குடிக்க நடந்து போகும்போதுகூட அந்தத் தலை திரும்பும். நாங்கள் பகிடி பண்ணுவோம், கடன்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீர்களே என்று.

மோதலுக்குப் பிறகு அந்தத் தலை திரும்பவில்லை.

முதலில் நான் நம்பவில்லை. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த பந்து வந்தது. நேரே பார்த்துக்கொண்டு நின்றார், வாங்கினார், பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்தார். அதற்கடுத்ததும் அப்படியே. கோச்சிடம் போய், "மெஷ்த்ரேயை ஒருக்கால் நிற்பாட்டிப் பார்க்கவேணும்" என்றேன். அவர் களத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தானே ஆடுகிறார்" என்றார்.

அந்த வசனம் முடிய முன்னம் மெஷ்த்ரே ஒரு பாஸ் கொடுத்தார். நடுக்களத்தில் இருந்து, எதிரணியின் பின்வரிசையைக் கிழித்துக்கொண்டு, எங்கள் முன்கள ஆட்டக்காரரின் காலடியில் போய் விழுந்த பாஸ். கோல். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கோச் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பார்த்தாயா? பார்த்தாயா உன்னுடைய நோயாளியை?"

பார்த்தேன். அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் கொடுத்த பாஸ் அது. முப்பது வருடம் அதையே செய்த கால் தானாகக் கொடுத்ததா, அவர்தான் கொடுத்தாரா? எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இவ்வளவு அழகாக ஆடுகிற ஒருவரில் நான் நோய் வருத்தம் தேடுகிறேனோ, எனக்குத்தான் ஏதும் பிழையோ என்றுகூட நினைத்தேன்.

இடைவேளைக்கு விசில் ஊதியது. கைதட்டலுக்கு நடுவால் அவரை நேரே என் அறைக்குக் கூட்டிப்போனேன். உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில், ஒரு கட்டிலும் இரண்டு கதிரையும் மட்டும் கொள்ளுகிற இடம். வழமையான கேள்விகளைக் கேட்டேன். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன மட்ச் யாரோடு? எல்லாவற்றுக்கும் சரியான பதில். அந்தக் கேள்விகள் உங்களுக்கும் தெரியும். ஆனால் ஆட்டக்காரருக்கு உங்களை விட நன்றாகத் தெரியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சீசன் தொடக்கத்தில் இருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். நின்றார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சோதனையில் நான் பாஸ்தானே, டொத்தோரா?" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியான சிரிப்புத்தான். ஆனால் என் முகத்துக்கு இல்லாமல், எனக்குப் பின்னால் இருந்த சுவருக்குச் சிரித்த மாதிரி இருந்தது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

கோச் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன?"

"இரண்டாம் பாதிக்கு அவர் போகமாட்டார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"கேள்விக்குப் பதில் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார்."

"நின்றாரா?"

"நின்றார்."

"அப்படியென்றால் என்ன பிரச்சினை?"

"தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை" என்றேன். "பந்து வர முன்னம் பின்னுக்குப் பார்க்கிறவர், அடிபட்ட பிறகு ஒரு தரமும் பார்க்கவில்லை."

கோச் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. என் பிள்ளைகளின் கலியாணத்துக்கெல்லாம் வந்தவர். ஆனால் அந்தக் கணத்தில் நான் ஒரு பைத்தியக்காரி மாதிரி அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொல்லிக் கேட்டபோது எனக்கே அது ஒரு காரணமாகப் படவில்லை.

மெஷ்த்ரே கட்டிலில் இருந்து இறங்கினார். வழியில் நின்ற என் கையைப் பிடித்து ஒரு பக்கமாக அகற்றினார். கோபமாகக் கத்தினால் தாங்கியிருப்பேன். அவர் மெல்லத்தான் சொன்னார். "நீங்கள் ஒருநாளும் ஆடியதில்லை. என்னிடம் இருந்து எதை எடுக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது."

இதில்தான் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. நான் அங்கே நின்று அவர்களோடு வாதாடவில்லை. வாதாடியிருந்தால் தோற்றிருப்பேன். என் பக்கம் ஆதாரம் இல்லை, அவர்கள் பக்கம் ஒரு கோல் இருந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு நடைபாதையால் நடந்துபோய், ஆட்டக்காரர் மாற்றத்தைப் பதிகிற நாலாவது நடுவரிடம், இன்னார் தலையில் அடிபட்டதால் திரும்பி வரமாட்டார், மருத்துவ முடிவு என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டால் முடிந்தது, பிறகு நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. அவரிடம் போய்ச் சேரும்வரை அந்தக் குறுகிய நடைபாதையில் ஒவ்வொரு அடியிலும், திரும்பிப் போ, இன்னும் நேரமிருக்கிறது என்று ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது. உங்கள் முடிவு உறுதியாக இருக்கும்வரை காத்திருக்காதீர்கள். அது உறுதியாகாது. சொல்லவேண்டிய ஆளிடம் முதலில் சொல்லிவிடுங்கள், வாதமெல்லாம் பிறகு.

இரண்டாம் பாதி முழுக்க அவரோடு அந்த அறையில் இருந்தேன். அடிபட்டவரைத் தனியே விடக்கூடாது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம். ஒரு பெரிய சத்தம் வந்தது. எங்கள் ஆட்களின் சத்தம் இல்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே மாதிரி ஒன்று. இரண்டாம் சத்தத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தோற்றுவிட்டோம். பாராட்டு விழா நடக்கவில்லை. கேக்கை யாரும் வெட்டவில்லை.

அம்புலன்சில் ஹொஸ்பிட்டலுக்குப் போனோம். மனைவி அங்கே வந்து சேர்ந்தா. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அவ அதைத் தாண்டி என் பக்கம் வரவில்லை. ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் வந்து சொன்னார்: ஸ்கானில் ஒன்றுமில்லை. இரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ச்சி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அது ஸ்கானில் தெரியாது, ஓய்வெடுக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். மெஷ்த்ரே அவரிடம், "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, தலையிடியும் இல்லை" என்றார்.

கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது முதல் வசனம் மட்டும்தான். ஸ்கானில் ஒன்றுமில்லை.

நான் வெட்கமில்லாமல் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த டொக்டர் அதைச் சொன்னபோது முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வந்தது வேறொன்று. ஒரு சின்னக் கசிவாவது தெரிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்ற நினைப்பு. ஒரு மனிதனின் மூளையில் இரத்தம் இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்ட ஒரு கணம். இந்த வேலையில் அப்படியும் ஒரு நினைப்பு வரும். வந்தால் பயப்படாதீர்கள், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.

அடுத்து வந்த கிழமைகள் மோசமானவை. அவருக்கு போன் எடுத்தேன், பதில் இல்லை. மெசேஜ் போட்டேன், பதில் இல்லை. கழகத்தின் தலைவர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். கோப்பி தந்தார். வருகிற சீசனுக்கு வேறு ஒரு ஒழுங்கு செய்யலாமா என்று யோசிக்கிறோம், நீங்களும் களைத்திருப்பீர்கள் என்றார். ஆட்டத்தின் வீடியோவுக்குக் கீழே முன்பின் தெரியாத ஆட்கள் என்னைப் பற்றி எழுதினார்கள். அவற்றில் பாதி எனக்கு விளங்காத மொழியில் இருந்ததற்கு நன்றி சொன்னேன்.

அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் தலையைத் திருப்பினாரா, இல்லையா? எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. ஆனால் கமரா பந்துக்குப் பின்னாலேயே போகிறது. பந்து அவரிடம் வந்த பிறகுதான் அவர் படத்துக்குள் வருகிறார். வருவதற்கு முந்திய அந்தக் கணம் எங்குமே இல்லை. நான் கண்டதை என்னைத் தவிர வேறு ஒருவரும் காணவில்லை. இரண்டு மூன்று கிழமை போக, நான் உண்மையிலேயே கண்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் மனுசன் பிறம்ரனில் ஒரு டிரக் கொம்பனியில் டிரைவர்மாரை ஓட்டத்துக்கு அனுப்புகிற டிஸ்பாச்சர். நான் போனை வைத்துக்கொண்டு குந்தியிருப்பதைக் கண்டு ஒருநாள் வந்து பக்கத்தில் இருந்தார்.

"இஞ்சரும், திரும்பவும் அந்த வீடியோவே?"

"ஓம்."

"உமக்குச் சரியெண்டு பட்டது, சொன்னீர். இனி ஏன் உதைப் போட்டுக் குடையிறீர்?"

"சரியெண்டு பட்டுச் சொன்னனா, பயத்தில சொன்னனா எண்டுதான் தெரியேல்லை" என்றேன். "டொக்டரும் இல்லை. ஏதும் நடந்தால் என்ர தலையிலதான் விழும். அந்தப் பயத்தில அந்த மனுசன்ர கடைசி மட்சைப் பறிச்சுப்போட்டனோ?"

அவர் என் கையில் இருந்த போனை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "பனி கொட்டேக்க டிரைவர்மார் போறம் எண்டு நிப்பினம்" என்றார். "நான் போகவேண்டாம் எண்டு மறிப்பன். கொஞ்சத்தால பனி நிண்டு வெய்யில் எறிக்கும். எல்லாரும் என்னைத்தான் பேசுவினம்."

"அப்ப என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது? பேச்சு வாங்குவன். அடுத்த பனிக்கும் மறிப்பன்."

சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கிழமைகளில் நான் சிரித்தது அப்போதுதான். ஆனால் பயம் போகவில்லை. கிளினிக்கில் நோயாளிகளிடம் கை வைக்கும்போது, இதுவும் பிழையோ, இதுவும் பிழையோ என்று ஒரு குரல். வழக்கமாக ஒரு தரம் பார்க்கிற முழங்காலை மூன்று தரம் பார்த்தேன். தன்னை நம்பாத பிஸியோவின் கையை நோயாளி உடனே கண்டுபிடித்துவிடுவார். ஒரு அம்மா கேட்டேவிட்டா, "பிள்ளை, உமக்கு ஏதும் சுகமில்லையே?" என்று.

பிறகு ஒரு நாள் மெஷ்த்ரேயின் மனைவி போன் பண்ணினா. "வர முடியுமா?" என்று மட்டும் கேட்டா.

அவர்களுடைய வீடு டண்டாஸ் வெஸ்ற் பக்கம், ஒரு கடைக்கு மேலே. படியேறும்போது, ஏசப்போகிறார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி கதவைத் திறந்தா. உள்ளே பட்டப்பகலில் திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து, கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப இருந்துவிட்டார்.

"வெளிச்சம் ஒத்துவரவில்லை" என்றார். "ஸ்கானுக்கு அடுத்த நாளில் இருந்து."

"ஏன் யாருக்கும் சொல்லவில்லை?"

மனைவி சொன்னா. "எனக்கே நேற்றுத்தான் சொன்னார்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். "அந்த மட்சைப் பற்றி எல்லோரும் வந்து கதைக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். டொத்தோரா, எனக்கு அந்த மட்ச் ஞாபகம் இல்லை. அன்று காலையில் முட்டை சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஹொஸ்பிட்டல் விளக்கு. நடுவில் ஒன்றுமில்லை."

"டொக்டரிடம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றீர்களே?"

"பயம்" என்றார். "ஞாபகம் இல்லை என்று சொன்னால் என்ன எழுதுவார்கள் என்று பயம். நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுகிறான்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களைத் தள்ளிவிட்டேன் என்று சொல்கிறார்கள். உண்மையா?"

"கையைப் பிடித்து அகற்றினீர்கள். தள்ளவில்லை."

"ஏதும் சொன்னேனா?"

சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன், அவர் சொன்ன அதே வார்த்தைகளில். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி அவருடைய தோளில் கை வைத்தா.

அவரை அடுத்த நாளே ஒரு நரம்பியல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். தலையிடி தீர அடுத்த வசந்தம் வரை சென்றது. அவரே கழகத்துக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னார். கோச் என் கிளினிக்குக்கு வந்து, வாசலிலேயே நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் அங்கே இன்னும் சில சீசன் வேலை செய்தேன். மெஷ்த்ரே இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, ஆ, அன்ரி சரியாகச் சொல்லியிருக்கிறா என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவருடைய ஞாபகத்தைக் கெடுத்தது அந்த முதல் அடி; இடைவேளையில் சரியாகப் பதில் சொன்னபோதும் ஒன்றும் மனதில் தங்கவில்லை. நான் நிறுத்தியது அதற்குப் பிறகு. இரண்டாம் பாதியை ஆடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எந்த டொக்டருக்கும் தெரியாது. இன்னொரு அடியில் ஆள் முடிந்திருக்கலாம். ஒன்றும் நடக்காமல் கோப்பையைத் தூக்கியிருக்கலாம். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்று வரை அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன், என் முடிவு அதே முடிவாக இருந்தும். உங்களில் பலருக்கு யாரும் வந்து வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தச் சந்தேகத்தோடேயே அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போகவேண்டியிருக்கும். போங்கள். பயமாக இருந்தாலும் போங்கள்.

அந்தப் பின்னேரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்தா. நான் புறப்படலாம் என்று பார்த்தேன். அவர், "நீங்கள் அங்கே நின்றீர்கள்தானே?" என்றார். "எனக்குச் சொல்லுங்கள்."

"எதை?"

"மட்சை."

உதைபந்தாட்டத்தை வர்ணிக்கத் தெரிந்தவள் நானில்லை. அந்த நாள் வெய்யிலாக இருந்தது என்றேன். வோர்ம்-அப்பில் அவர் பழைய நண்பர்கள் இரண்டு பேரையும் கண்டு, பந்தைத் தூக்கி அவர்கள் பக்கம் அடித்ததைச் சொன்னேன். மோதிய சத்தத்தைச் சொன்னேன். அந்தப் பாஸைச் சொன்னேன். எங்கே நின்றார், எந்தக் கால், பந்து எப்படி இரண்டு பேருக்கு நடுவால் போனது என்று. அவர் குறுக்கே ஒன்றும் கேட்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிறகு விசில் ஊதினார்கள்" என்றேன். "நீங்கள் உள்ளே போகத் திரும்பினீர்கள். உங்களுக்கு இரண்டடி பின்னால் நான் வந்தேன். அப்போது பெரிய ஸ்டாண்டில் யாரோ ஒருவர் எழும்பிக் கை தட்டினார். பிறகு அந்த வரிசை எழும்பியது. பிறகு முழு ஸ்டாண்டும் எழும்பிவிட்டது. அந்தப் பாஸுக்காக. எதிரணி ஆட்கள் இருந்த பக்கத்திலும் சிலர் எழும்பினார்கள். நீங்கள் சுரங்கவாசலுக்குள் போகும்வரை ஒருவரும் திரும்ப உட்காரவில்லை."

"எல்லோருமா?"

"எனக்குத் தெரிந்து எல்லோரும்."

"நான் என்ன செய்தேன்?"

"கையைத் தூக்கிக் காட்டினீர்கள்."

அவர் தன் வலது கையை மடியில் இருந்து கொஞ்சம் உயர்த்தி, அதையே பார்த்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டா. வெளியே டண்டாஸ் தெருத் தண்டவாளத்தில் ஒரு ஸ்ரீட்கார் மணி அடித்துக்கொண்டு போனது.

"இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார்.

"பாஸில் இருந்தா?"

"இல்லை" என்றார். "அந்த முதல் ஆள் எழும்பினதில் இருந்து."